டாலாத்: மலைமேல் ஒரு பிரெஞ்சு ஊர், அது கண்ட போர்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வியட்நாம் போய் வந்த நண்பர்கள் டாலாத்தைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பைன் மரம், ஏரி, பூந்தோட்டம், பழைய பிரெஞ்சு பங்களா எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, இந்த ஊர் எப்படி உண்டானது, நாடே பற்றி எரிந்த முப்பது வருடமும் இங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசையாகப் படித்தால் கதை தொடர்ச்சியாக வரும்.

டாலாத் எங்கே இருக்கிறது?

வியட்நாமின் தென்பாதியில், லாங் பியாங் பீடபூமியில். ஹோ சி மின் நகரிலிருந்து, அதாவது பழைய சைகோனிலிருந்து, வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரம். கீழே சைகோனில் சட்டை நனைய வியர்க்கும் நாளில் மேலே ஸ்வெட்டர் தேவைப்படும். இந்த ஊருக்கு நேர்ந்த எல்லாமே அந்தக் குளிரில்தான் தொடங்குகிறது.

பெயருக்கு என்ன அர்த்தம்?

'லாத் மக்களின் ஓடை'. கொஹோ இனத்தின் ஒரு பிரிவினர் லாத் மக்கள். அவர்கள் மொழியில் 'டா' என்றால் தண்ணீர், ஓடை. ஊருக்குள் ஓடும் காம் லி ஓடைதான் அது.

பிரெஞ்சுக்காரர்கள் வந்து ஊரைக் கட்டிய பிறகு ஒரு லத்தீன் வாக்கியத்தை உண்டாக்கினார்கள். 'சிலருக்கு மகிழ்ச்சியும் சிலருக்கு இதமான தட்பவெப்பமும் தரும்' என்று பொருள். அதிலுள்ள ஐந்து சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஊர்ப்பெயர் வரும்படி அமைத்துவிட்டார்கள். இதுதான் பெயரின் மூலம் என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. நம்பாதீர்கள். ஓடையும் பெயரும் முதலில் இருந்தன, லத்தீன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

யெர்சின் என்ற டாக்டர்தான் இந்த ஊரைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

அலெக்சாந்தர் யெர்சின் சுவிட்சர்லாந்தில் 1863-இல் பிறந்தவர், பாரிசில் பாஸ்டர் ஆய்வகத்தில் பயின்றவர். 1894-இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டறிந்தவரும் இவரே. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1893 ஜூன் 21 அன்று, கடற்கரையிலிருந்து காட்டு வழியாக ஏறி லாங் பியாங் பீடபூமியை அடைந்தார். தேதி வரைக்கும் சரிதான். 'கண்டுபிடித்தார்' என்ற சொல்தான் தப்பு. அவர் மேலே போனபோது அங்கே கிராமங்கள் இருந்தன, மக்கள் இருந்தார்கள். தோடர்களும் படுகர்களும் வாழ்ந்த நீலகிரியை சல்லிவன் கண்டுபிடித்தார் என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்ததே, அதே கதை.

ஆனால் யெர்சின்மேல் வியட்நாமியர்களுக்கு உண்மையான மரியாதை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஞா ட்ராங் கடற்கரையில் ஐம்பது வருடம் போல வாழ்ந்தார், மலேரியாவுக்கு மருந்தாகும் சின்கோனா மரத்தை அந்த மலைகளில் வளர்க்கப் பாடுபட்டார், 1943-இல் அங்கேயே இறந்தார். 1975-க்குப் பிறகு காலனிய காலத்துப் பெயர்கள் பலவும் தெருக்களிலிருந்து போய்விட்டன. யெர்சின் பெயர் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு மலைமேல் ஊர் எதற்கு?

பயம்தான் காரணம். இந்தோசீனாவுக்கு வந்த பிரெஞ்சு சிப்பாய்களும் அதிகாரிகளும் மலேரியா, காலரா, வயிற்றுக்கடுப்பு என்று செத்துக்கொண்டிருந்தார்கள். வெப்பமே வெள்ளையர் உடம்பைக் கெடுக்கும் என்று அன்றைய மருத்துவம் நம்பியது. ஆங்கிலேயர்களிடம் சிம்லாவும் ஊட்டியும் இருந்தன, டச்சுக்காரர்கள் ஜாவாவில் மலையூர்களை வைத்திருந்தார்கள், நம்மிடம் ஏன் இல்லை என்று கேட்டவர் பால் தூமேர். 1897 முதல் 1902 வரை இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரல். பின்னாளில் பிரான்சின் ஜனாதிபதியாகி 1932-இல் சுட்டுக்கொல்லப்பட்டாரே, அவரேதான். இவர் இடம் தேடியபோது யெர்சின் லாங் பியாங்கைச் சொன்னார். 1899-இல் தூமேர் தானே மேலே ஏறிப் பார்த்துவிட்டு, இங்கேதான் என்று முடிவு செய்தார்.

ஊரை யார் கட்டினார்கள்?

இந்தக் கேள்வியை மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை, நானாகவே சேர்த்துக்கொண்டேன்.

திட்டம் போட்டவர்கள் பெயரெல்லாம் கிடைக்கிறது. பாதை வெட்டியவர்கள் பெயர் கிடைப்பதில்லை. கடற்கரைச் சமவெளியிலிருந்து கட்டாய வேலைக்குக் கூட்டிவரப்பட்ட வியட்நாமியர்கள், சுமை தூக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட மலைவாழ் மக்கள், இவர்கள்தான் காட்டைத் திறந்தார்கள். மேலே குளிர், சரி, ஆனால் மேலே போய்ச் சேர வழியில் தாண்ட வேண்டிய அடிவாரக் காடு மலேரியாவின் வீடு. வெள்ளையர்களைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்ற ஒரு ஊர் வேண்டும் என்று தொடங்கிய வேலையில் அதே காய்ச்சலுக்குக் கூலிகள் பலியானார்கள். காற்று நல்ல காற்று என்று சொல்லித்தான் ஊரை விளம்பரம் செய்தார்கள். அந்தக் காற்றைச் சுவாசிக்க மேலே வந்தவர்களில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

தூமேர் 1902-இல் கிளம்பிப்போனதும் வேலை படுத்துவிட்டது. பத்து வருடத்துக்கும் மேல் டாலாத் சில மரக் கட்டடங்களோடு அப்படியே கிடந்தது.

அப்புறம் எப்படி வளர்ந்தது?

முதல் உலகப் போரால். கேட்க விசித்திரமாக இருக்கும், காரணம் எளிது. போர்க்காலத்தில் கப்பல் ஏறி பிரான்சுக்கு விடுமுறையில் போக முடியவில்லை, வெயிலில் வாடிய அதிகாரிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்ந்த இடம் தேவைப்பட்டது. 1916-இல் டாலாத் முறைப்படி ஒரு நகரமாக அறிவிக்கப்பட்டது. 1919-இல் ஓடைக்குக் குறுக்கே அணை கட்டி ஏரி உண்டாக்கினார்கள். இன்றைய சுவான் ஹுவாங் ஏரி அதுதான், இயற்கை ஏரி இல்லை. 1922-இல் ஏரியைப் பார்த்தபடி லாங் பியாங் பேலஸ் என்ற பெரிய ஹோட்டல் திறந்தது.

ஊட்டி ரயிலுக்கும் டாலாத் ரயிலுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இரண்டுமே மீட்டர் கேஜ், இரண்டுமே தண்டவாளத்துக்கு நடுவே பற்கள் வைத்து எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்து ஏறும் 'ஆப்ட்' முறை. இரண்டு பாதைகளுக்கும் சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றே எஞ்சின்கள் செய்து கொடுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி எஞ்சினைப் பார்த்திருந்தால் அதன் உறவினரைப் பார்த்துவிட்டீர்கள் என்றே அர்த்தம். ஏற்றம் மட்டும் அங்கே இன்னும் கடுமை. நீலகிரியில் கிட்டத்தட்ட பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறினால், டாலாத் பாதையில் எட்டரை அடிக்குள்ளேயே ஒரு அடி ஏறும் இடங்கள் இருந்தன.

கடற்கரைப் பக்கம் தாப் சாமிலிருந்து டாலாத் வரை 84 கிலோமீட்டர். 1908-இல் தொடங்கிய வேலை 1932-இல்தான் மேலே வந்து சேர்ந்தது. 1930-களின் கடைசியில் கட்டி முடித்த ரயில் நிலையம் இன்றும் நிற்கிறது, அதன் மூன்று கூரைகளும் லாங் பியாங் சிகரங்களை நினைவூட்டும். 1960-களில் போர் மூண்டபோது தாக்குதல்களால் ரயில் நின்றுபோனது. 1975-க்குப் பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து, குண்டுவீச்சில் சிதைந்திருந்த வடக்கு தெற்கு பிரதான ரயில்பாதையைச் சரிசெய்ய எடுத்துப்போனார்கள். கைவிடப்பட்டுத் துருப்பிடித்துக் கிடந்த எஞ்சின்களில் சிலவற்றை 1990-இல் சுவிஸ் ரயில் ஆர்வலர்கள் வாங்கித் தங்கள் நாட்டு ஃபுர்கா மலைப்பாதைக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். இப்போது டாலாத்தில் சுற்றுலாவுக்காக ஓடுவது ட்ராய் மாத் என்ற இடம் வரை ஏழு கிலோமீட்டர் மட்டும். அதில் பல்சக்கரம் கிடையாது.

வியட்நாமியர்கள் அந்த ஊரில் எங்கே இருந்தார்கள்?

கீழே. 1923-இல் எர்னெஸ்ட் எப்ரார் என்ற கட்டடக்கலைஞர் போட்ட நகரத் திட்டத்தில் இது வெளிப்படையாகவே இருந்தது: ஏரியைச் சுற்றிய மேடுகளில் ஐரோப்பியர் வில்லாக்கள், அரசு அலுவலகங்கள், அணைக்குக் கீழே, சந்தைப் பக்கம், வியட்நாமியர் குடியிருப்பு. வில்லா ஜன்னலிலிருந்து பார்த்தால் மலையும் நீரும் மட்டும் தெரிய வேண்டும். லாத் மக்களுக்குத் திட்டத்தில் இடமே இல்லை, அவர்கள் பீடபூமியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள்.

ஆனால் ஊருக்குச் சமையல்காரர், தோட்டக்காரர், ஆயா, காய்கறி எல்லாமே வேண்டும். அதனால் வியட்நாமியர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சீக்கிரமே பிரெஞ்சுக்காரர்களைவிடப் பல மடங்கு ஆனார்கள். ஹனோய் பக்கத்து ஹா டோங்கிலிருந்து 1938-இல் கூட்டிவந்த தோட்டக்கார குடும்பங்கள் அமைத்த குடியிருப்பு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. டாலாத்தின் புகழ்பெற்ற பூவும் கோஸும் காரட்டும் அப்படிப்பட்டவர்கள் கை உழைப்பில் வளர்ந்தவை.

இரண்டாம் உலகப் போரின்போது?

ஊரின் உச்சகாலமே அதுதான். 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது, ஜப்பானியப் படை இந்தோசீனாவுக்குள் வந்தது, ஆனாலும் ஜப்பானியர்கள் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கலைக்காமல் வைத்துக்கொண்டார்கள். பிரான்சில் ஜெர்மனிக்கு இணங்கிப்போன விஷி அரசுக்கு விசுவாசமான ழான் டெகூ கவர்னர் ஜெனரல். கடல்வழி மறுபடி அடைபட்டது, விடுமுறைக்குத் தாய்நாடு போக வழியில்லை, எல்லாரும் டாலாத்துக்கு ஏறினார்கள். டெகூவும் வருடத்தில் பல மாதங்கள் இங்கிருந்தே ஆண்டார். புதுப் புது வில்லாக்கள் எழுந்தன. 1920-களின் தொடக்கத்தில் சில ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரில் 1944-இல் சுமார் 25,000 பேர்.

இதைப் படிக்கும்போது இன்னொன்றையும் சேர்த்தே வைத்துப் பாருங்கள். அதே 1944-45 குளிர்காலத்தில் வடக்கு வியட்நாமில் பஞ்சம். லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். ஒரே நிர்வாகம், ஒரே வருடம்.

1945 மார்ச் 9 இரவு ஜப்பானியர்கள் திடீரென்று பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்து அதிகாரிகளைச் சிறைபிடித்தார்கள். ஆகஸ்டில் ஜப்பானே சரணடைய, அந்த வெற்றிடத்தில் வியட் மின், அதாவது ஹோ சி மின்னின் விடுதலை இயக்கம், டாலாத்திலும் ஆட்சியைப் பிடித்தது. சில மாதங்களில் பிரெஞ்சுப் படை திரும்பி வந்துவிட்டது.

1946 டாலாத் மாநாடு என்பது என்ன?

போரைத் தடுத்திருக்கக்கூடிய கடைசிச் சில வாய்ப்புகளில் ஒன்று. ஏப்ரல் 17-இல் தொடங்கி மே மாதம் வரை, யெர்சின் பெயர் கொண்ட உயர்நிலைப்பள்ளிக் கட்டடத்தில் நடந்தது. வியட்நாம் தரப்பில் தலைமை வெளியுறவு அமைச்சர் நுயென் துவாங் தாம். கூடவே வோ நுயென் ஜியாப், எட்டு வருடம் கழித்து டியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படையை முறியடிக்கப் போகிறவர். முட்டுக்கட்டை ஒரே விஷயத்தில்தான்: சைகோனை உள்ளடக்கிய தென்பகுதி, கொச்சின்சீனா, வியட்நாமின் பகுதியா இல்லையா? பிரெஞ்சுத் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. மாநாடு முறிந்து மூன்று வாரத்தில், ஜூன் 1 அன்று, பிரெஞ்சு ஹை கமிஷனர் தார்ஜான்லியூ கொச்சின்சீனாவைத் தனிக் குடியரசாக அறிவித்தார். டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்களுக்கும் வியட் மின்னுக்கும் முழுப் போர்.

கடைசிப் பேரரசர் பாவோ டாய் இங்கேதான் இருந்தாரா?

ஆமாம், பழைய தலைநகரான ஹுவேயின் அரண்மனையைவிட இந்த ஊரில்தான் அவருக்கு ஒட்டுதல். 1930-களில் கட்டிய அவருடைய கோடை மாளிகையை மூன்றாம் மாளிகை என்பார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம். பட்டம் துறந்து வெளிநாட்டில் இருந்தவரை பிரெஞ்சுக்காரர்கள் 1949-இல் அரசுத் தலைவராகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1950-இல் மத்திய மேட்டுநிலம் முழுவதும் 'அரச குடும்ப நிலம்' என்று தனியே பிரிக்கப்பட்டு அவர் பெயரில் வைக்கப்பட்டது. மலைவாழ் மக்களைப் பாதுகாக்க என்றுதான் சொன்னார்கள். உண்மையில் பிரெஞ்சுப் பிடி தளராமல் இருக்க அது ஒரு வழி. 1955-இல், தென்வியட்நாமில் ஆட்சியைப் பிடித்த ங்கோ டின் டியெம் அந்த ஏற்பாட்டையும் கலைத்தார், பாவோ டாயையும் பதவியிலிருந்து நீக்கினார்.

காம் லி படுகொலை என்கிறார்களே?

1951 மே மாதம். டாலாத்தில் ஒரு பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க, சிறையில் இருந்த இருபது பேரை, அந்தக் கொலையில் சம்பந்தப்பட்டவர்கள் என்று விசாரணை ஏதும் இல்லாமலே, காம் லி பக்கம் கொண்டுபோய்ச் சுட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஒரே ஒரு பெண் உயிர் தப்பினார், நடந்தது வெளியே தெரிந்தது அதனால்தான். இன்று காம் லி அருவி ஒரு சுற்றுலா இடம். புகைப்படம் எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் இதை நினைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கப் போரில் (நாம் வியட்நாம் போர் என்பதில்) டாலாத்தில் மட்டும் குண்டே விழவில்லை, இரு தரப்பும் ரகசியமாக ஒப்புக்கொண்டார்கள் என்பது உண்மையா?

உண்மையில்லை. மற்ற நகரங்களோடு ஒப்பிட்டால் சேதம் மிகக் குறைவு, அதுவரை சரி. ஹுவே மாதிரி இடிபடவில்லை, அதனால் வில்லாக்கள் தப்பின. ஆனால் 1968 டெட் தாக்குதலில், வியட்நாமியப் புத்தாண்டு நாட்களில், ஊருக்குள்ளேயே சண்டை நடந்தது, அடங்க ஒரு வாரத்துக்கும் மேல் ஆனது. ராணுவக் கல்லூரி மாணவர்களையே களத்தில் இறக்கினார்கள். 1970 மே மாதக் கடைசியில் இன்னொரு தாக்குதல்.

போருக்கு வெளியே நின்ற ஊராக இதை நினைப்பதே சரியில்லை என்பேன். தென்வியட்நாம் ராணுவத்துக்கு அதிகாரிகளை உருவாக்கிய தேசிய ராணுவக் கல்லூரி 1950-இல் ஹுவேயிலிருந்து இங்கே மாறியது. பின்னாளில் தென்வியட்நாம் ஜனாதிபதியான நுயென் வான் தியூ ஒரு காலத்தில் அதன் தலைவராக இருந்தவர். பிரெஞ்சு அதிகாரி போய் சைகோன் தளபதி வந்தார், வில்லா அதே வில்லாதான், கீழே தோட்ட வேலை செய்தவர்களும் அதே ஆட்கள்தான்.

அணு உலை இருந்ததாமே?

இருந்தது, இப்போதும் இருக்கிறது, ஆராய்ச்சி உலை. 'அமைதிக்கான அணு' என்ற அமெரிக்கத் திட்டத்தில் கிடைத்த 250 கிலோவாட் உலை, 1963-இல் இயங்கத் தொடங்கியது. கட்டடத்தை வடிவமைத்தவர் ங்கோ வியெத் து, சைகோனின் சுதந்திர மாளிகையை வடிவமைத்த அதே ஆள். 1968-இல் நிறுத்திவிட்டார்கள். 1975 மார்ச் கடைசியில், வட வியட்நாமியப் படை நெருங்கி வர, அமெரிக்க நிபுணர்கள் இருவர் பறந்து வந்து எரிபொருள் தண்டுகளை உருவி விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஊர் கைமாறச் சில நாட்களே இருந்தன. பிறகு சோவியத் உதவியோடு அதே உலையை 500 கிலோவாட்டாக்கி 1984-இல் மறுபடி திறந்தார்கள். ஒரே உலையில் இரண்டு வல்லரசுகளின் கைவேலையும் இருக்கிறது.

1975-இல் ஊர் எப்படி விழுந்தது?

சண்டை இல்லாமல். மார்ச் மாதம் மேட்டுநில நகரமான புவோன் மா துவோத் விழுந்ததும் மேட்டுநிலம் முழுவதும் சரிந்தது. மார்ச் இறுதியில் சைகோன் படையும் ராணுவக் கல்லூரியும் டாலாத்தை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கிவிட்டார்கள். ஏப்ரல் 3 அன்று வட வியட்நாம் தரப்பு உள்ளே வந்தது. வில்லாக்களை அரசு எடுத்துக்கொண்டது, பலவற்றில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் குடியேறின.

லாத், கொஹோ மக்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

எந்த ஆட்சியிலும் அவர்களிடம் யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை. பிரெஞ்சுக் காலத்தில் அவர்களைக் 'காட்டுமிராண்டி' என்று பொருள்படும் சொல்லாலேயே அழைத்தார்கள். டியெம் காலத்தில் சமவெளி மக்களையும் வடக்கிலிருந்து வந்த அகதிகளையும் மேட்டுநிலத்தில் குடியேற்றியபோது மலைமக்களின் நிலம் சுருங்கியது. அதற்கு எதிராகப் பல மலையினங்கள் சேர்ந்து 1964-இல் ஃபுல்ரோ என்ற ஆயுத இயக்கத்தைத் தொடங்கின. சைகோனை எதிர்த்தார்கள், 1975-க்குப் பிறகு ஹனோயை எதிர்த்தார்கள். கடைசியாக மிஞ்சிய நானூறு சொச்சம் பேர் கம்போடியக் காட்டில் ஐநா படையிடம் ஆயுதத்தை ஒப்படைத்தது 1992-இல். வியட்நாம் போர் முடிந்த வருடம் 1975 என்று நாம் சொல்கிறோமே, அவர்களுக்கு அது பதினேழு வருடம் தள்ளி.

போனால் எதை விடாமல் பார்க்க வேண்டும்?

ரயில் நிலையம், மூன்றாம் மாளிகை இரண்டும் எல்லாரும் பார்ப்பவை. கூடவே டியெமின் தம்பி மனைவி ட்ரான் லே சுவான் கட்டிய வில்லா வளாகத்துக்குப் போங்கள். இப்போது அது ஆவணக் காப்பகம். நுயென் அரச வம்சத்தின் 30,000-க்கும் மேற்பட்ட அச்சு மரப்பலகைகள், போருக்கிடையே ஹுவேயிலிருந்து இங்கே வந்தவை, இங்கேதான் இருக்கின்றன. 2009-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் சேர்ந்தவை.

அப்புறம் அரை நாள் ஒதுக்கி ஊருக்கு வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போல, லாங் பியாங் அடிவாரத்துக்குப் போங்கள். லாத் மக்களின் கிராமம் அங்கே இருக்கிறது, காபி போடுகிறார்கள், நெசவு செய்கிறார்கள். சாயங்காலம் சேகண்டி இசை நிகழ்ச்சி இருக்கும். அதற்கு முன்பே போய், ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள்.